1944 பெட்டியில இருந்து 1941 கமாண்டோ: வோக்ஸோய் போட்டோக்களைப் பாத்து பொம்மைகளை மாத்தின பதிவு

பிரிட்டிஷ் கமாண்டோன்னு பேர் போட்டு வர்ற 1/35 (நிஜ அளவுல 35ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் பொம்மை செட்டுல பெரும்பாலும் உள்ள இருக்கிறது 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்து ஆளுங்கதான். பச்சை பெரே தொப்பி, முதுகுல பெர்கன் மூட்டை, கையில நம்பர் 4 ரைஃபிள். எனக்கு வேண்டியது 1941 டிசம்பர் 27, ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த நார்வேயில நடந்த வோக்ஸோய் ரெய்டு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டரை வருஷம்தான், ஆனா அதுக்குள்ள தலையில இருந்து கால் வரைக்கும் எவ்வளவு மாறியிருக்குன்னு பழைய போட்டோக்களை பெருசு பண்ணி பாத்தாதான் புரியும். தாம்சன் துப்பாக்கிக்காரர் ஒருத்தர், ரைஃபிள்காரர் ஒருத்தர், பிரென் மெஷின்கன்காரர் ஒருத்தர்னு மூணு பொம்மையை எடுத்து, போட்டோ என்ன சொல்லுதோ அதை மட்டும் வச்சு ஒவ்வொரு இடமா மாத்தினேன். பொம்மை செய்யாதவங்களுக்கும் இந்தப் படங்களை எப்படிப் படிக்கிறதுன்னு இதுல கொஞ்சம் கிடைக்கும்.

ரெய்டு பத்தி முதல்ல சொல்லிடுறேன். ஆபரேஷன் ஆர்ச்சரின்னு பேரு. லெப்டினன்ட் கர்னல் டர்ன்ஃபோர்ட்-ஸ்லேட்டர் தலைமையில நம்பர் 3 கமாண்டோ, கூட நம்பர் 2 கமாண்டோல இருந்து ரெண்டு ட்ரூப், அப்புறம் நார்வே வீரர்கள். எச்எம்எஸ் கென்யாங்கற குரூஸர் கரையில இருந்த பீரங்கிகளை நோக்கி சுட, இவங்க சின்ன படகுல இறங்கி மோலோய் தீவையும் தெற்கு வோக்ஸோய் ஊரையும் தாக்கினாங்க. மீன் எண்ணெய் ஃபேக்டரிகளைக் கொளுத்தறது ஒரு முக்கிய வேலை, ஏன்னா அந்த எண்ணெயில இருந்து எடுக்கிற கிளிசரின் வெடிமருந்துக்குப் போகுது. ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு சண்டை. நார்வே படையோட கேப்டன் மார்ட்டின் லிங்கே ஜெர்மன்காரங்க இருந்த ஹோட்டலைத் தாக்கும்போது செத்துப்போனாரு. லெப்டினன்ட் டெனிஸ் ஓ'ஃப்ளாஹர்ட்டிக்கு முகத்துல குண்டு பட்டுது, அவரைத் தாங்கிப் பிடிச்சு கூட்டிட்டுப் போற படம் ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் வேற எதையும் பாக்கலை. துணி, பெல்ட், பட்டன்னு தேடிக்கிட்டு இருக்கும்போது அந்தத் துணிக்குள்ள இருக்கிற ஆளை மறந்துடக்கூடாது.

இந்தப் படங்கள் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தோட சேகரிப்புல இருக்கு, ஆன்லைன்லயே பாக்கலாம். அதோட நம்பர்ல முன்னாடி வர்ற எழுத்தை முதல்ல பாருங்க. எச் (H) இருந்தா பிரிட்டனுக்குள்ள எடுத்தது, என் (N) இருந்தா நார்வே, பி (B) இருந்தா 1944ல வடமேற்கு ஐரோப்பா, எஸ்இ (SE) இருந்தா தென்கிழக்கு ஆசியா. இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும், ஏன்னா கமாண்டோ நார்வேயில தாக்குறாங்கன்னு சுத்தற படங்கள்ல நிறைய எச் நம்பர் படம், அதாவது ஸ்காட்லாந்து மலையில பத்திரிகைக்காக பயிற்சியை எடுத்தது. பயிற்சிப் படம் பொய்னு அர்த்தம் இல்லை, ஆளு நிஜ ஆளு, சாமான் நிஜ சாமான், எடம்தான் வேற. துப்பாக்கியோட விவரம் பாக்க எனக்கு எச் படங்கள்தான் ரொம்ப உதவுச்சு, வெளிச்சம் நல்லா இருக்கும், ஆளு அசையாம நிப்பான்.

நம்பர் தெரியாத படம்னா நான் கேக்கற முதல் கேள்வி போட்டோகிராஃபர் எங்க நின்னாருன்னுதான். ராணுவத்தோட ஃபிலிம் அண்ட் போட்டோகிராஃபிக் யூனிட் 1941 அக்டோபர்ல ஆரம்பிச்சது, அவங்க போட்டோ எடுக்க நிறைய பயன்படுத்தினது சூப்பர் ஐகோன்டா, மடக்குற கேமரா, அதுவும் ஜெர்மன் தயாரிப்பு. அதுல லென்ஸ் மாத்த முடியாது, தூரத்துல இருந்து இழுத்து எடுக்கற வசதி கிடையாது. அதனால ஒரு ஆளு கத்தியை நீட்டிக்கிட்டு கேமராவைப் பாத்து ஓடி வர்றான், முகம் ஃபிரேம் நிறைய இருக்குன்னா, போட்டோகிராஃபர் அவனுக்கும் எதிரிக்கும் நடுவுல சில அடி தூரத்துல நிக்கிறாருன்னு அர்த்தம், நிஜ சண்டையில அப்படி நிக்க யாருக்கும் வாய்ப்பு இல்லை. நிஜப் படத்துல முதுகுதான் தெரியும். பி 5103ங்கற பிரபலமான படத்தைப் பாருங்க, 1944 ஜூன் 6 காலையில நார்மண்டியோட ஸோர்டு பீச்ல கேப்டன் எவன்ஸ் எடுத்தது. படகோட முன்பக்கத்துல பேக்பைப்போட பில் மில்லின், தண்ணியில நடந்து போற அவங்க தலைவர் லார்ட் லோவாட், அத்தனை பேரும் நமக்கு முதுகு காட்டிக்கிட்டு கரைக்குப் போறாங்க, முதுகெல்லாம் பெர்கன் மூட்டை. என் பெட்டியில இருந்த பொம்மைங்க இந்தப் படத்து ஆளுங்கதான்.

வோக்ஸோய் படங்களுக்கு இன்னொரு சோதனையும் இருக்கு, சூரியன். அந்த ஊரு 62 டிகிரி வடக்குல இருக்கு, டிசம்பர் கடைசியில உச்சி வேளையில கூட சூரியன் அடிவானத்துக்கு மேல 5 டிகிரி ஏறாது. பகலே அஞ்சு மணி நேரம்தான். அதனால நிழல் விழுந்தா ரொம்ப நீளமா விழணும், இல்லைன்னா நிழலே இல்லாத மங்கலான வெளிச்சமா இருக்கணும், அதுக்கு மேல புகை வேற. ஆளோட காலடியில குட்டையா கருப்பு நிழல் கிடந்தாலோ, பின்னாடி மரத்துல இலை இருந்தாலோ தலைப்புல என்ன எழுதியிருந்தாலும் அது வோக்ஸோய் கிடையாது.

படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்களான்னும் பாக்கணும். நெகட்டிவ்வை பின்பக்கம் முன்பக்கமா திருப்பி வச்சு பிரிண்ட் போட்டா இடது வலது மாறிடும், அதைப் பாத்து பொம்மை செஞ்சா எல்லாமே இடது கைக்காரனா ஆயிடும். இதுக்கு பேட்டில்டிரெஸ், அதாவது பிரிட்டிஷ் ராணுவ கம்பளி உடுப்போட பேண்ட்டே போதும். இடது தொடையில பெரிய மேப் பாக்கெட், வலது பக்கம் இடுப்புக்குக் கீழ காயத்துக்குக் கட்டற ஃபீல்டு டிரெஸ்ஸிங் வைக்கிற சின்ன பாக்கெட். அது மாறியிருந்தா படம் மாறியிருக்கு. லீ-என்ஃபீல்டு ரைஃபிளோட போல்ட் கைப்பிடியும் வலது பக்கம்தான் இருக்கணும், பிரென் கன்னோட சைட் (குறி பாக்கற பாகம்) இடது பக்கம் தள்ளி இருக்கணும், ஏன்னா மேகஸின் நட்ட நடுவுல மேல உக்காந்து பார்வையை மறைக்கும்.

இப்ப வேலைக்கு வர்றேன். தலையில இருந்தே ஆரம்பிச்சேன். பச்சை பெரே 1942 கடைசியிலதான் வருது, அதனால 1941ல அது எங்கயுமே வரக்கூடாது. பெட்டியில வந்த தலைகள்ல பெரேயை நெத்தி மட்டத்துல பிளேடால சீவி எடுத்தேன். வோக்ஸோய் படங்கள்ல பல பேர் தலையில இருக்கறது தட்டையான விளிம்பு வச்ச மார்க் 2 ஹெல்மெட், அது தனியா கிடைக்குது, ரெண்டு பேருக்கு அதை வச்சேன். மூணாவது ஆளுக்கு கேப் கம்ஃபர்டர். அது தொப்பியா தைச்சது இல்லை, ரெண்டு பக்கமும் மூடின கம்பளிக் குழாய், கழுத்துல மஃப்ளரா சுத்திக்கலாம், ஒரு முனையை இன்னொண்ணுக்குள்ள விட்டு விளிம்பை மடக்கினா தொப்பி ஆயிடும். எபாக்ஸி பட்டியை (ரெண்டு பொருளைக் குழைச்சா இறுகற களிமண் மாதிரியான சாமான்) உருட்டி தலையில வச்சு, மடிப்பை ஊசியால இழுத்து, பட்டி முழுசா இறுகறதுக்கு முன்னாடி பழைய டூத்பிரஷ்ஷோட முடியால லேசா குத்தினா பின்னல் துணி வந்துடும். மேல் நுனி ஒரு பக்கமா சரிஞ்சு நிக்கணும், படத்துல யாருக்கும் அது நேரா நிக்கறதில்லை.

கருப்பு வெள்ளைப் படத்துல பச்சை பெரேயும் பாராசூட் வீரர்களோட மெரூன் பெரேயும் ஏறத்தாழ ஒரே கருஞ்சாம்பலாத்தான் விழும். அங்க தொப்பி பேட்ஜைத்தான் பாக்கணும். பாராசூட் படைக்குன்னு இறக்கை வச்ச ஒரே பேட்ஜ் இருக்கு, ராணுவக் கமாண்டோக்கள் அவங்கவங்க பழைய ரெஜிமென்ட்டோட பேட்ஜையே பெரேல குத்திக்கிட்டாங்க. வரிசையா நிக்கற நாலு பேர் தொப்பியில நாலு விதமான பேட்ஜ் இருந்தா அது கமாண்டோவா இருக்க நிறைய வாய்ப்பு. தோள்பட்டையில எழுத்து இருக்க வேண்டிய எடத்துல ஒரு மங்கலான திட்டு தெரிஞ்சா அது கிழிசல்னு நினைக்காதீங்க, சென்சார்காரங்க யூனிட் பேர் தெரியக்கூடாதுன்னு சுரண்டி அழிச்சது. வோக்ஸோய் ஆளுங்களுக்கு நான் தோளை வெறுமையாவே விட்டேன்.

சட்டையில ஒரு சூட்சுமம் இருக்கு. பேட்டில்டிரெஸ்ல முதல் மாடல்ல பாக்கெட் பட்டன் எல்லாம் துணிக்கு அடியில மறைஞ்சிருக்கும், மார்புப் பாக்கெட்ல நடுவுல மடிப்பு இருக்கும். சிக்கனத்துக்காக பட்டனை வெளிய வச்சு, மடிப்பை எடுத்துட்டு செஞ்ச மாடலுக்கு 1940 பேட்டர்ன்னு பேரு, ஆனா அது கைக்கு வந்ததே 1942ல. பேர்ல இருக்கற வருஷத்தை நம்பி 1941 ஆளுக்கு அதைப் போட்டுடக்கூடாது. என் பொம்மைங்களுக்கு எல்லாம் வெளிப் பட்டன்தான் இருந்துச்சு. பிரென்காரருக்கு அதை சீவி சமப்படுத்தி, பிளேடு முதுகால பாக்கெட்ல ரெண்டு கோடு இழுத்து மடிப்பு கொண்டு வந்தேன். மத்த ரெண்டு பேருக்கும் தோல் ஜெர்கின் போட்டுட்டதால அந்த வேலை மிச்சம். ஜெர்கின்னா கை இல்லாத தோல் கோட்டு, முன்னாடி நாலு பெரிய பட்டன், உள்ள கம்பளித் துணி. பட்டியை மெல்லிசா பவுடர் தடவித் தேச்சு ஷீட்டாக்கி, வெட்டி, பொம்மை மேல சாத்தினேன். முக்கியமானது வரிசை, முதல்ல ஜெர்கின், அது இறுகினதுக்கு அப்புறம் அதுக்கு மேல பெல்ட்டும் பவுச்சும். பெல்ட் இறுக்கற எடத்துல தோல் சுருங்கணும், துணி மாதிரி சின்னச் சின்ன மடிப்பா விழாம ரெண்டு மூணு தடிச்ச மடிப்பா விழணும்.

துப்பாக்கிக்குதான் ரொம்ப நேரம் ஆச்சு. பெட்டியில இருந்தது எம்1ஏ1 தாம்சன். அதுல பேரல் வழவழன்னு இருக்கும், இழுக்கற குமிழ் வலது பக்கவாட்டுல இருக்கும். அது 1942ல வந்த எளிமையாக்கின குடும்பம். 1941 டிசம்பருக்கு எம்1928 மாடல் வேணும், அதுல பேரல் சுத்தி குளிர்றதுக்காக வளையம் வளையமா வரி, முனையில மேல்பக்கம் வெட்டு விட்ட கட்ஸ் காம்பென்சேட்டர் (சுடும்போது முனை மேல எழும்பாம அடக்கற துண்டு), குமிழ் ரிசீவருக்கு, அதாவது துப்பாக்கியோட உடலுக்கு, மேல. நீளத்தையும் கணக்குப் போட்டு பாத்தேன், எம்1928 ஏறத்தாழ 86 சென்டிமீட்டர், 1/35ல 24.5 மில்லிமீட்டர். எம்1ஏ1 ஒரு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல குட்டை, அந்த வித்தியாசம் பெரும்பாலும் காம்பென்சேட்டர்தான். பழைய சார்ஜர் வயரை உரிச்சு அதுல இருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து பேரல்ல நெருக்கமா சுத்தினேன், சூப்பர் குளூவை குண்டூசி முனையில தொட்டு வச்சு ஒட்டினேன், நிறைய விட்டா வரி அடைஞ்சு போயிடும். காம்பென்சேட்டருக்கு ஸ்ப்ரூவை (பாகங்களைப் பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில காட்டி இழுத்து, துண்டு வெட்டி, மேல பிளேடால நாலு கீறல். பக்கக் குமிழை சீவிட்டு மேல ஒரு புள்ளி. வட்ட டிரம் மேகஸின் பயிற்சிப் படங்கள்ல நிறைய பாக்கலாம், 50 ரவுண்டு பிடிக்கும், ஆனா கனம் அதிகம், நடந்தா குலுங்கி சத்தம் போடும். நான் 20 ரவுண்டு நீள மேகஸினையே வச்சேன். படத்துல டிரம் தெரிஞ்சா அது எம்1928தான்னு தயங்காம சொல்லலாம், எம்1ல டிரம் மாட்டவே முடியாது.

ரைஃபிள் சுலபம். 1941ல நம்பர் 1 மார்க் 3, முனை மொண்ணையா மரத்தோட சமமா முடியும், பயனெட் 17 அங்குல நீளக் கத்தி. நம்பர் 4ல பேரல் முனை ரெண்டு மூணு அங்குலம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பயனெட் வெறும் ஆணி. படம் எவ்வளவு மங்கலா இருந்தாலும் இந்த முனை ஒண்ணு தெரிஞ்சா போதும். இன்னொரு உபயோகமும் இருக்கு, மார்க் 3யோட நீளம் 113 சென்டிமீட்டர்னு தெரியும், அதனால படத்துல ரைஃபிள் பக்கவாட்டுல முழுசா தெரிஞ்சா அதையே ஸ்கேலா வச்சு பக்கத்துல இருக்கற மத்த சாமானை அளக்கலாம். பவுச் அளவு, ஜெர்கின் நீளம் எல்லாம் நான் அப்படித்தான் எடுத்தேன். பிரென்னுக்கு பின் சைட் மட்டும் மாத்தினேன், மார்க் 1ல இடது பக்கம் சின்ன உருளையா இருக்கும்.

கத்தி இல்லாம கமாண்டோ பொம்மையை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி, ஷாங்காய் போலீஸ்ல இருந்த ரெண்டு பேர் வடிவமைச்சது, வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனி 1941 ஜனவரியில இருந்து செஞ்சாங்க. முதல் மாடல்ல கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்கற குறுக்குத் தடுப்பு எஸ் வடிவத்துல வளைஞ்சிருக்கும். ரெண்டாவது மாடல்ல நேராயிடும். 1943 கடைசியில வந்த மூணாவது மாடல்ல கைப்பிடி முழுக்க வளைய வரி. வோக்ஸோய்க்கு முதல் மாடல் மட்டும்தான் சாத்தியம். 1/35ல அந்தத் தடுப்பு 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். செம்பு இழையை நசுக்கி, ட்வீஸரால ரெண்டு முனையையும் எதிரெதிரா வளைச்சேன். உறையோட ரெண்டு பக்கமும் பேண்ட்ல வச்சு தைக்கறதுக்காக தோல் காது இருக்கும், அதை மாத்திரை அட்டையோட ஃபாயில்ல வெட்டினேன். ஆனா படங்களை வரிசையா பாத்தா பல பேர்கிட்ட கத்தி கண்ணுக்கே தெரியலை, அதனால தாம்சன்காரர் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தேன். மூணு பேருக்கும் மாட்டினா பாக்க கெத்தா இருக்கும், படத்துக்கு உண்மையா இருக்காது.

இதே தேடல்ல கண்ணுல பட்ட இன்னொண்ணு. வெள்ளை பெல்ட், வெள்ளை பவுச்சோட பிடிபட்ட கமாண்டோ படங்களைப் பாத்தா அது பிரான்ஸ்ல நடந்த 1942 மார்ச் 28 சென் நசேர் ரெய்டா இருக்கலாம், இருட்டுல நம்ம ஆளுன்னு அடையாளம் தெரியறதுக்காக வெப்பிங்கை, அதாவது பெல்ட், பவுச், பட்டை எல்லாத்தையும், வெள்ளையாக்கிட்டுப் போனாங்க. அந்தப் படங்களை எடுத்தது ஜெர்மன்காரங்க.

படத்தைப் பெருசு பண்ண ஏஐ ஆப்பை தயவுசெஞ்சு பயன்படுத்தாதீங்க. ஃபிலிமோட புள்ளியைப் பாத்து அது பட்டன்னு முடிவு பண்ணி அழகா பட்டன் வரைஞ்சு கொடுத்துடும், இல்லாத மடிப்பை தைச்சுடும். கலர் போட்ட படங்களும் அப்படித்தான், அந்தக் கலர் யாரோ இப்ப தீர்மானிச்சது. நான் ஸ்கேனை அப்படியே எடுத்து, இருட்டுப் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கி, அதுக்கு மேல எதுவும் செய்யறதில்லை. தெரியலைன்னா தெரியலைன்னு விட்டுட்டு அதே நாள்ல எடுத்த அடுத்த படத்தைத் தேடுவேன்.

பெயின்ட் அடிக்கும்போது சாம்பல் அளவைத்தான் பிடிச்சுக்கிட்டேன். என்கிட்ட இருந்த படங்கள்ல வெப்பிங் சட்டையை விட ஒரு படி வெளுப்பு, ஜெர்கின் ஒரு படி கருப்பு. ஒவ்வொரு கலரையும் அடிச்சதும் பொம்மையை மொபைல்ல கருப்பு வெள்ளையில போட்டோ எடுத்து பழைய படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஜெர்கினோட பிரவுன் முதல்ல வெளிறி விழுந்துச்சு, கருப்பு கலந்து இறக்கினேன். முகத்தையும் வழக்கத்தை விட இருட்டாத்தான் அடிச்சேன், பின்னாடி பனியும் எரியற வீட்டுப் புகையும் இருக்கறப்ப முகம் அப்படித்தான் விழுது.

அடித்தளத்துக்கு ஐஸ்கிரீம் குச்சியை நீளவாக்குல கீறி மரவீட்டோட சுவர், மேல்பாதி கரிஞ்சது. பனிக்கு கல் கோலமாவை டீ வடிகட்டியில சலிச்சு ஃபெவிகால், வெள்ளை பெயின்ட்டோட குழைச்சேன். அரிசி மாவு கலந்த கோலமாவு வேண்டாம், எறும்பு வந்துடும். சண்டை நடந்த தெரு, அதனால காலடி பட்ட எடமெல்லாம் சேறும் கரியும் கலந்து அழுக்காக்கினேன்.

அடுத்தது எஸ்இ, அதாவது தென்கிழக்கு ஆசியப் படங்கள். 3வது கமாண்டோ பிரிகேட் திருகோணமலையில இருந்துட்டுதான் பர்மா போனாங்க, 1945 ஜனவரி கடைசியில கங்காவ்ல 170ம் நம்பர் குன்றுல லெப்டினன்ட் ஜார்ஜ் நோலண்ட் 2 அங்குல மார்ட்டரை இடுப்புல வச்சே சுட்டு, அங்கயே செத்து, பிரிட்டனோட உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினாரு. இப்ப சீவிப் போட்ட பெரேக்களை அதுக்காக எடுத்து வச்சிருக்கேன், ஜங்கிள் கிரீன் சட்டையில பாக்கெட் எப்படி இருக்குன்னு படம் படமா குறிச்சுக்கிட்டு இருக்கேன்.